புல்வெளிக்கு அடியில்

நிழலின் அருமை வெயிலில் தெரியும் என்பர் நம் பெரியோர். ஆனால் வெயிலுக்கு ஒதுங்கி மரத்தடியில் அமரும் நாம், அந்த மரத்தை நட்டவர் யாரென்று கேட்பதில்லை. ஒரு வீட்டைப் பார்த்தால் அதைக் கட்டிய கொத்தனாரின் நினைவு வருகிறது. நாற்காலியைப் பார்த்தால் தச்சரின் கை தெரிகிறது. மேடும் பள்ளமும், ஓடையும் புல்தரையும், வளைந்து செல்லும் நடைபாதையும் ஓரிடத்தில் பொருந்தி அமைந்திருந்தாலோ, அவை படைப்பின் தொடக்கத்திலிருந்தே அப்படித்தான் இருந்தன என்று எண்ணிவிடுகிறோம்.

அவ்வாறு நம்மை எண்ண வைப்பதையே தன் வெற்றியாகக் கொள்ளும் தொழில் ஒன்று உண்டு. நிலத்தின் மேடுபள்ளங்களை அளந்து, மழைநீர் செல்லும் வழியை அறிந்து, மண்ணின் இயல்புக்கேற்ற மரஞ்செடிகளைத் தேர்ந்து, மக்கள் கூடும் வெளிகளை உருவாக்குகின்ற நிலவடிவமைப்பாளர்களின் தொழில் அது. லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்ட் என்ற ஆங்கிலப் பெயரால் இன்று உலகெங்கும் அறியப்படுகிறார்கள். இவர்கள் தனித்து இயங்குவதில்லை. நில அளவையாளர், வடிகால் பொறியாளர், தாவரம் அறிந்தவர், வரைபடம் தீட்டுவோர், கல் தச்சர், மண் வெட்டுவோர் எனப் பலர் கூடிச் செய்யும் பணி இது. ஊர் கூடித் தேர் இழுப்பது போன்றது. தேர் நிலைக்கு வந்த பின் எவர் இழுத்த இழுப்பில் அது வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

இங்கேதான் நம்மை விடாமல் தொடரும் கேள்வி ஒன்று எழுகிறது. பலர் கூடி ஒரு நன்மையைச் செய்யும்போது அதன் பெருமை எல்லாருக்கும் உரியது என்கிறோம். அதே பலர் கூடிச் செய்த செயலில் ஒரு தீமையும் கலந்திருந்தால், அதன் பொறுப்பு யாருக்கு உரியது? எல்லாருக்குமா? எவருக்குமே இல்லையா?

இக்கேள்வியைப் பொதுப்படையாகப் பேசுவதைவிட, நடந்த ஒன்றை வைத்து ஆய்வது நல்லது. இத்தொழிலின் வரலாற்றில் முதன்மையாகப் பேசப்படும் ஒரு பூங்காவையே எடுத்துக்கொள்வோம். அது அமெரிக்காவின் நியூயார்க் நகரில் 843 ஏக்கர் பரப்பில் விரிந்திருக்கும் சென்ட்ரல் பார்க்.

1857ஆம் ஆண்டு இப்பூங்காவை வடிவமைப்பதற்கான போட்டி அறிவிக்கப்பட்டது. வந்து சேர்ந்த திட்டங்கள் 33. அவற்றுள் 33ஆம் எண்ணுடைய திட்டம் 1858ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் முதற்பரிசைப் பெற்றது. அதனை உருவாக்கியவர் இருவர். ஒருவர் கால்வர்ட் வாக்ஸ். இலண்டனில் பிறந்து முறைப்படி பயின்ற கட்டடக் கலைஞர். மற்றவர் பிரடெரிக் லா ஓம்ஸ்டட். உழவும் எழுத்தும் செய்து பார்த்து, பூங்கா நிலத்தின் கண்காணிப்பாளராக 1857 செப்டம்பரில் வேலைக்கு வந்தவர். வரைகலை வாக்சுக்குத் தெரியும். நிலத்தின் ஒவ்வொரு பாறையும் சேறும் ஓம்ஸ்டட்டுக்குத் தெரியும். ஆகவே வாக்ஸ்தான் அவரைத் தம்முடன் சேர அழைத்தார். பகல் வேலை முடிந்த பின், இரவு வேளைகளில், இருவரும் அந்நிலத்தில் நடந்து நடந்து திட்டத்தை உருவாக்கினார்கள்.

ஏறத்தாழ பத்தடி நீளமுள்ள அவ்வரைபடம் வாக்சின் வீட்டிலேயே தீட்டப்பட்டது. புல்வெளியைக் காட்டுவதற்குச் சிறு புள்ளிகளும் கோடுகளும் ஆயிரக்கணக்கில் இட வேண்டியிருந்தது. மாலையில் வீட்டுக்கு வந்த நண்பர்களும் உட்கார்ந்து புல்லுக்குப் புள்ளி வைத்தார்களாம். வாக்சின் மகன் பிற்காலத்தில் நினைவுகூர்ந்த செய்தி இது. எந்தப் புள்ளி எவர் வைத்தது என்று இன்று எவரும் அறியார்.

வரைபடம் நிலமாக மாறியபோது இன்னும் பல கைகள் சேர்ந்தன. சதுப்பு நிலத்தில் நீர் தேங்காதவாறு மண்ணுக்கடியில் குழாய்கள் பதித்து வடிகால் அமைத்தவர் ஜார்ஜ் வேரிங். எந்த இடத்தில் எந்த மரம் என்பதை மண்ணில் நின்று முடிவு செய்தவர், ஆஸ்திரியாவிலிருந்து வந்த இக்னாஸ் பிலாட். அவர் பூங்கா நிறைவடைவதைக் காணாமலே 1870இல் இறந்தார். பெத்தெஸ்தா என்று பெயர் பெற்ற மேடையின் கற்களில் பறவைகளையும் கனிகளையும் பருவ காலங்களையும் செதுக்குவதற்கு வரைந்து தந்தவர் ஜேக்கப் ரே மோல்ட். அம்மேடைக்கு முன்னுள்ள நீரூற்றில், யோவான் நற்செய்தி கூறும் பெத்சதா குளத்தை நினைவூட்டி நிற்கும் வானதூதரின் சிலையைச் செய்தவர் எம்மா ஸ்டெபின்ஸ் என்னும் பெண்மணி. அச்சிலை 1873இல் திறந்து வைக்கப்பட்டது. இவர்களோடு பாறை உடைத்தவர்களும் வண்டியில் மண் சுமந்தவர்களுமான ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள், அவர்களுள் பெரும்பாலோர் பிழைப்புத் தேடி வந்த ஐரிஷ் மக்கள்.

இத்தனை பேர் உழைத்தும் ஊராரின் நாவில் நின்றது ஒரே ஒரு பெயர்: ஓம்ஸ்டட். 1858இல் தலைமைக் கலைஞர் என்ற பதவி அவருக்குத் தரப்பட்டது. அவரை அழைத்து வந்த வாக்ஸ் உதவியாளராக்கப்பட்டார். இது வாக்சின் உள்ளத்தை நெடுநாள் வருத்தியது. தம் வருத்தத்தைக் கடிதங்களில் நண்பரிடமே கொட்டியிருக்கிறார். ஓம்ஸ்டட்டும் அதை மறுக்கவில்லை. பூங்காவின் பெருமையில் வாக்சுக்குச் சமபங்கு உண்டென்று அவர் மீண்டும் மீண்டும் கூறினார். ஆயினும் உலகம் பாதிதான் கேட்டது.

வாக்சின் வருத்தம் செருக்கின் பாற்பட்டதா? நம்மில் சிலர் உடனே அவ்வாறு தீர்ப்பிடக்கூடும். வலக்கை செய்வதை இடக்கை அறியாதிருப்பதன்றோ நற்செய்தி காட்டும் வழி? ஆம், ஆனால் அந்த அறிவுரை கொடுப்பவருக்குச் சொல்லப்பட்டது. பெற்றுக்கொள்பவர், கொடுத்தவரை மறந்துவிடலாம் என்று அது சொல்லவில்லை. ஒருவர் தம் பெயரைத் தாமே விட்டுக்கொடுப்பது தாழ்ச்சி. அவர் விட்டுக்கொடுக்காத பெயரைப் பிறர் அழித்துவிடுவது களவு. பத்துப் பேர் உழைத்த பணிக்கு ஒருவருக்கு மட்டும் பொன்னாடை போர்த்தும் விழாக்களில் நாமும் கைதட்டியிருக்கிறோம். அக்களவில் நமக்கும் சிறு பங்கு உண்டு.

எனினும் வாக்சின் பெயர் மங்கியதேயன்றி மறையவில்லை. அதே நிலத்தில் முற்றிலும் மறைந்துபோன பெயர்களும் உண்டு. நம் கேள்வி கூர்மை பெறுவது அங்கேதான்.

பூங்காவுக்கென எடுக்கப்பட்ட நிலம் வெறும் பாறையும் சதுப்பும் அன்று. அங்கே ஏறத்தாழ 1,600 பேர் வாழ்ந்து வந்தார்கள். அதன் மேற்குப் பகுதியில் செனக்கா வில்லேஜ் என்றொரு சிற்றூர் இருந்தது. 1825ஆம் ஆண்டு ஆண்ட்ரூ வில்லியம்ஸ் என்ற 25 வயதுக் கறுப்பின இளைஞர் 125 டாலருக்கு மூன்று மனைகளை வாங்கியதோடு அவ்வூரின் வரலாறு தொடங்குகிறது. அவர் காலணிகளுக்கு மெருகிட்டுப் பிழைத்தவர். நியூயார்க் மாநிலத்தில் அடிமைமுறை முற்றாக ஒழிந்தது 1827இல்தான் என்பதை எண்ணிப் பார்த்தால், அந்த மூன்று மனைகளின் மதிப்பு நமக்கு விளங்கும். மேலும், 250 டாலர் மதிப்புள்ள சொத்து இருந்தால்தான் கறுப்பின ஆண்களுக்கு வாக்குரிமை என்பது அக்காலச் சட்டம். வெள்ளையருக்கு அத்தகைய நிபந்தனை இல்லை. ஆகவே ஒரு துண்டு நிலம் அவர்களுக்கு வீடாக இருந்ததோடு, மனிதராக மதிக்கப்படுவதற்கான சான்றாகவும் இருந்தது.

1855ஆம் ஆண்டுக் கணக்கின்படி அவ்வூரில் சுமார் 225 பேர் இருந்தனர். மூன்றில் இரு பங்கினர் கறுப்பின மக்கள். ஏனையோருள் பெரும்பாலோர் ஐரிஷ்காரர், சிலர் ஜெர்மானியர். மூன்று ஆலயங்களும் ஒரு பள்ளிக்கூடமும் கல்லறைத் தோட்டங்களும் இருந்தன. அம்மூன்றில் ஓர் ஆலயத்தில் கறுப்பரும் வெள்ளையரும் ஒன்றாக வழிபட்டனர். நிறத்தால் பிளவுண்டிருந்த அந்நாட்டில், அக்காலத்தில், இது எளிதில் காணக்கூடிய காட்சியன்று.

1853ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் பூங்காவுக்கு நிலம் எடுக்கும் சட்டம் நிறைவேறியது. அடுத்த மாதமே, ஆகஸ்டில், அவ்வூரின் கறுப்பின மக்கள் தங்கள் புதிய ஆலயத்துக்கு மூலைக்கல் நாட்டினார்கள். விவிலியமும் பாடல் புத்தகமும் பொறுப்பாளர்களின் பெயர்கள் எழுதிய கடிதமும் அக்கல்லோடு வைக்கப்பட்டன. நான்கே ஆண்டுகளில், 1857இல், ஊர் முழுவதும் அகற்றப்பட்டது. நிலவுரிமை பெற்றிருந்தோருக்கு இழப்பீடு தரப்பட்டது. அது போதாதென்று முறையிட்டவர்களும் உண்டு. வாடகைக்குக் குடியிருந்தோர் வெறுங்கையுடன் சென்றார்கள். சொந்த மனையில் வாழ்ந்தவர்களையும் சேர்த்து, புறம்போக்கில் குடிசை போட்டவர்கள் என்று அக்காலச் செய்தித்தாள்கள் இழித்து எழுதின. அச்சிற்றூர் வேறெங்கும் ஓர் ஊராக மீண்டும் கூடவில்லை. பரிசு பெற்ற வரைபடத்தில் அவ்வூரின் இடத்திலும் புல்லும் மரமுமே காட்டப்பட்டன.

இதைச் செய்தது யார்? சட்டமியற்றியவர்கள், நகரின் நன்மைக்காகச் செய்தோம் என்பார்கள். மதிப்பீடு செய்தவர்கள், சட்டப்படி விலை வைத்தோம் என்பார்கள். ஆணையைக் கொண்டு வந்த காவலர், மேலிடத்தின் கட்டளை என்பார். கண்காணிப்பாளராக வந்த ஓம்ஸ்டட், நாம் வேலையேற்றபோது வெளியேற்றம் முடியும் தறுவாயில் இருந்தது என்று சொல்லியிருக்கலாம். வாக்ஸ், நம்மிடம் தரப்பட்டது அளந்து முடித்த நிலம்தானே என்று கேட்டிருக்கலாம். புல்லுக்குப் புள்ளி வைத்த நண்பர்களோ, மாலைப்பொழுதில் ஒரு நண்பருக்கு உதவியவர்கள், அவ்வளவே. ஒவ்வொருவர் சொல்வதும் ஏறக்குறைய உண்மைதான். ஆனால் எல்லா உண்மைகளையும் கூட்டிப் பார்த்தால் ஓர் ஊர் காணாமற் போயிருக்கிறது.

இவர்கள் கொடியவர்களாக இருந்திருந்தால் நம் சிந்தனை எளிதாகிவிடும். ஓம்ஸ்டட், அடிமைமுறை நிலவிய தென் மாநிலங்களில் பயணம் செய்து, அம்முறையின் கேட்டை எடுத்துரைக்கும் நூல்களை எழுதியவர். ஏழையும் செல்வரும் ஒரே பாதையில் நடக்கும் பூங்கா வேண்டுமென்று மனமார விரும்பியவர். தொலைவில் இருந்த தென்னாட்டு அடிமையின் துயர் அவர் கண்ணுக்குத் தெரிந்தது. தம் காலடி மண்ணிலிருந்து புறப்பட்டுச் சென்றவர்களின் துயர் அவர் வேலையின் எல்லைக்குள் வரவில்லை. நல்லவர்களின் பார்வையைக்கூட அவர்களது வேலையின் எல்லை மறைத்துவிடும் என்பதே இங்கு நாம் அஞ்சவேண்டிய செய்தி.

தோட்டத்துக்காக நிலம் பறிக்கப்பட்ட கதை நமக்குப் புதிதன்று. நாபோத்தின் திராட்சைத் தோட்டத்தை ஆகாபு அரசன் விரும்பியதும் காய்கறித் தோட்டம் போடுவதற்காகத்தான். அவன் வேறு தோட்டம் தருவதாகவும் சொன்னான். விலை தருவதாகவும் சொன்னான். மூதாதையரின் உரிமைச் சொத்து என்று நாபோத்து மறுத்தபோது, அரசன் உண்ணாமல் படுத்துக்கொண்டதைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை. மடல் எழுதியவள் ஈசபேல். சபையைக் கூட்டியவர்கள் ஊர்ப் பெரியவர்கள். பொய்ச்சான்று கூறியவர்கள் இருவர். கல்லெறிந்தவர்களோ பலர். தீமையும் அங்கே கூட்டு வேலையாகவே நடந்தது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்னும்படி எல்லாம் சிதறிக் கிடக்க, இறைவாக்கினர் எலியா எங்கே போய் நின்றார்? பலனை அனுபவிக்கத் தோட்டத்துக்குள் இறங்கிய அரசனின் முன்னால் போய் நின்றார்.

செனக்கா வில்லேஜில் கொலையும் பொய்ச்சான்றும் இல்லை. இரண்டையும் ஒன்றென்று சொல்வது நேர்மையாகாது. ஆனால் எலியா நின்ற இடம் நமக்கு ஒன்றைக் கற்பிக்கிறது. செய்தவனிடம் மட்டுமன்று, அச்செயலால் பயன் பெறுகிறவனிடமும் கேள்வி கேட்கப்படும்.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. அதை நாம் ஒதுக்கிவிடலாகாது. அப்பூங்கா இல்லாவிடில் நெருக்கமான அம்மாநகரின் எளிய மக்கள் மூச்சு விடவும் இடமின்றித் தவித்திருப்பார்கள். நூற்றறுபது ஆண்டுகளாகக் கோடிக்கணக்கானோர் அங்கே இளைப்பாறியிருக்கிறார்கள். பொதுநலனுக்காகத் தனியார் நிலத்தை எடுக்கலாம் என்பதைத் திருச்சபையின் போதனையும் ஏற்கிறதன்றோ? உண்மைதான். 1967இல் திருத்தந்தை ஆறாம் பவுல், மக்களின் முன்னேற்றம் பற்றிய சுற்றுமடலில், பொதுநலன் சிலவேளை நிலங்களைக் கையகப்படுத்துவதை வேண்டி நிற்கும் என்று எழுதினார். ஆனால் அவர் அங்கே குறிப்பிட்டவை, பயன்படுத்தப்படாமலோ மக்களுக்குத் துன்பம் விளைவித்தோ பரந்து கிடக்கும் பெருநிலங்கள். பாடுபட்டு வாங்கிய மூன்று மனைகளை அவர் குறிப்பிடவில்லை. பொதுநலன் என்பது பெரும்பான்மையோரின் நலனும் அன்று. குழுக்களும் தனி மனிதர் ஒவ்வொருவரும் நிறைவாழ்வை அடைய உதவும் சமூகச் சூழலையே இரண்டாம் வத்திக்கான் சங்கம் பொதுநலன் என்றது. ஆண்ட்ரூ வில்லியம்சும் அந்தப் 'பொது'வில் ஒருவர். அவரைக் கணக்கிலிருந்து நீக்கிவிட்டுக் கூட்டும் தொகை எவ்வளவு பெரிதாயினும், கணக்கு தவறியதுதான்.

அப்படியானால் பூங்காவை அழித்துவிட வேண்டுமா? இல்லை. வரைபடம் தீட்டிய ஒவ்வொருவரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற வேண்டுமா? அதுவும் இல்லை. சமூகப் பாவங்கள் எனப்படுபவை தனி மனிதரின் பல பாவங்கள் திரண்டு விளைந்தவை என்று திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1984இல் விளக்கினார். தீமை செய்தவரைப் போலவே, தடுக்க முடிந்தும் சோம்பலாலோ அச்சத்தாலோ வாளாவிருந்தவரையும் அவர் அக்கணக்கில் சேர்த்தார். எல்லாரும் சமமாகக் குற்றவாளிகள் அல்லர். ஆனால் நம் பங்கு சிறியது என்பதால் நமக்குப் பங்கே இல்லை என்று ஆகிவிடாது. பெருமையைப் பத்துப் பேர் பகிர்ந்தால் ஒவ்வொருவருக்கும் பத்தில் ஒன்று என்பது நியாயம். பொறுப்பை அப்படி வகுக்க முடியாது. பத்துப் பேரில் ஒவ்வொருவரும் கேட்டிருக்கக்கூடிய கேள்வி ஒன்று இருந்தால், அது ஒவ்வொருவரிடமும் முழுமையாகவே இருக்கிறது.

அந்தக் கேள்வி மிக எளியது: "இந்த இடத்தில் இதற்கு முன் யார் இருந்தார்கள்? அவர்கள் இப்போது எங்கே?"

நிலவடிவமைப்பாளர்கள் மண்ணைத் தோண்டிச் சோதிக்கிறார்கள். நீர் எங்கிருந்து வந்து எங்கே போகிறது என்று ஆராய்கிறார்கள். நீரைக் குறித்துக் கேட்பதை மனிதரைக் குறித்தும் கேட்டால் போதும். கேட்டால் எல்லாம் மாறிவிடும் என்று நாம் உறுதி கூற இயலாது. வாக்சும் ஓம்ஸ்டட்டும் கேட்டிருந்தாலும் 1858இல் அவ்வூர் திரும்பி வந்திராது. ஆனால் வரைபடத்தின் ஒரு மூலையில் அவ்வூரின் பெயரைக் குறித்திருக்க முடியும். ஓர் ஆலயம் நின்ற இடத்தில் ஒரு கல்லையாவது விட்டுவைத்திருக்க முடியும். போக்கிடம் இல்லாதவரின் பெயரையாவது காப்பாற்றுவது, கையில் அதிகாரம் குறைந்தவர்களாலும் இயலக்கூடிய கடமை.

அக்கடமையை மிகத் தாமதமாகப் பிறர் செய்தார்கள். 2001இல் அவ்வூரின் நினைவாகப் பூங்காவில் ஒரு பலகை நிறுவப்பட்டது. 2011இல் ஆய்வாளர்கள் அங்கே அகழ்ந்தபோது, வில்லியம் காட்ஃப்ரி வில்சன் என்பவருடைய வீட்டின் கல் அடித்தளம் வெளிப்பட்டது. அவர் அங்கிருந்த ஓர் ஆலயத்தின் கோவில்பிள்ளை. இரும்பாலான தேநீர்க் கெண்டி ஒன்றும், குழந்தையின் தோல் காலணி ஒன்றும் மண்ணிலிருந்து கிடைத்தன. 2019இல் அவ்வூரின் கதையைச் சொல்லும் பலகைகள் அங்கே வைக்கப்பட்டன. பூங்கா அப்படியே இருக்கிறது, நிழலும் குறையவில்லை. உண்மையைச் சொன்னதால் எந்த மரமும் பட்டுப்போகவில்லை.

நம்மில் பெரும்பாலோர் பூங்கா அமைப்பவர்கள் அல்லர். ஆனால் ஏதேனும் ஒரு கூட்டு வேலையில் புள்ளி வைப்பவர்களாகவே நாள்தோறும் இருக்கிறோம். அலுவலகத்தில் ஒரு கோப்பு நம் மேசைக்கு வருகிறது. நாம் கையொப்பமிட்டு அடுத்த மேசைக்கு அனுப்புகிறோம். பங்கில் ஆலயத்தை விரிவாக்கத் திட்டமிடுகிறோம். பொருள்காப்பாளர் கணக்குப் பார்க்கிறார், பொறியாளர் வரைகிறார், பங்குப் பேரவை ஒப்புதல் தருகிறது, பங்குத்தந்தை ஆசி வழங்குகிறார். மதிலோரம் பல ஆண்டுகளாகப் பூக்கடை வைத்திருந்த விதவைத் தாயை அகற்றியது எவர் என்று பின்னர் கேட்டால், ஒருவரும் இல்லை. பங்குத்தந்தையர் என்ற முறையில் இதை எழுதும் நாமும் அந்த 'ஒருவரும் இல்லை' என்பதில் அடங்குகிறோம்.

ஆதலால் அடுத்த முறை நம் கைக்கு ஒரு வரைபடமோ கோப்போ வரும்போது, நமக்குரிய சிறு புள்ளியை வைப்பதற்கு முன் சற்றே எழுதுகோலை நிறுத்துவோம். புள்ளிக்கு அடியில் யாருடைய வீடேனும் இருக்கிறதா என்று கேட்போம். கேட்பதற்குப் பதவி தேவையில்லை. கேட்ட பின் நம் வேலை சில நாள் தாமதமாகலாம்; சிலர் முகம் சுளிக்கலாம். அந்தக் குழந்தையின் காலணி ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகள் மண்ணுக்குள் காத்திருந்தது. நாம் சில நாள் காத்திருக்கலாகாதா?